கல்லடிப் பூரானைத் தேடுவதும் கவனிப்பதும்: முழுமையான வழிகாட்டி

காட்டில் விழுந்து மட்கிக்கொண்டிருக்கும் ஒரு மரக்கட்டையைப் புரட்டுங்கள். மண்புழு நெளியும். மரவட்டை இருந்தால் சுருண்டுகொள்ளும். செம்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று பளிச்சிட்டு, நீங்கள் "பூரான்" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இடுக்கில் புகுந்துவிடும். நம்மில் பெரும்பாலோருக்குப் பூரானோடு உள்ள பழக்கம் அந்த அரை நொடிதான். அதைச் சில வாரங்களாக நீட்டிக்கொள்ள என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஓர் இனம்: லித்தோபியஸ் ஃபோர்ஃபிகேட்டஸ். 1758இல் கார்ல் லின்னேயஸ் இதை முதலில் விவரித்தபோது ஸ்கோலோபென்ட்ரா என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். 1814இல் வில்லியம் எல்ஃபர்ட் லீச் இத்தகைய பூரான்களைப் பிரித்து லித்தோபியஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'லித்தோஸ்' என்றால் கல், 'பயோஸ்' என்றால் வாழ்வு. கல்லுக்கடியில் வாழ்வது என்று கொள்ளலாம். தமிழில் இதற்கெனத் தனிப்பெயர் புழக்கத்தில் இல்லை என்பதால் 'கல்லடிப் பூரான்' என்று இங்கே அழைக்கிறேன். ஐரோப்பா முழுவதும் பரவலாக உள்ள இனம் இது. மனிதர்களின் சரக்குகளோடு பயணம் செய்து வட அமெரிக்காவிலும் குடியேறிவிட்டது. இதன் நெருங்கிய உறவினங்கள் குளிர்ந்த, மிதமான நிலப்பகுதிகள் பலவற்றில் உள்ளன. அவற்றையும் இதே முறையில் கவனிக்கலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பூரானின் உடலிலிருந்து எந்நேரமும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. பூச்சிகள் தம் மூச்சுத்துளைகளைத் தேவைப்பட்டபோது திறந்து, மற்ற நேரத்தில் மூடிக்கொள்ளும். பூரானின் மூச்சுத்துளைகளுக்குக் கதவு இல்லை. பூச்சிகளின் மேல்தோலில் நீரைத் தடுத்து நிறுத்தும் நல்ல மெழுகுப்படலம் உண்டு. பூரானிடம் அதுவும் போதிய அளவில் இல்லை. வறண்ட அறையில் திறந்த பாத்திரத்தில் விட்டுவிட்டால், பசியால் சாவதற்கு வெகுமுன்பே காய்ந்து செத்துவிடும். அது எங்கே இருக்கிறது, ஏன் இரவில் வெளியே வருகிறது, முட்டையை ஏன் மண்ணில் புரட்டுகிறது என்று நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு விடை இந்த ஒழுகலில்தான் இருக்கிறது.

முதல் படி: கையில் கிடைத்தது எது என்று தெரிந்துகொள்வது

முதலில் மரவட்டையை ஒதுக்குங்கள். மரவட்டைக்கு உடலின் பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு ஜோடிக் கால்கள். பூரானுக்குக் கண்டம் எனப்படும் உடல் வளையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி மட்டும். மரவட்டை மெதுவாக நகர்ந்து மட்கிய இலையைத் தின்னும். பூரான் வேட்டையாடி.

இன்று வாழும் பூரான்களில் ஐந்து வரிசைகள் உண்டு. டாஸ்மேனியாவிலும் நியூசிலாந்திலும் மட்டும் உள்ள ஒரு சிறு வரிசையை விட்டுவிட்டால் மீதி நான்கையும் பார்த்தவுடன் பிரித்துவிடலாம். சிலந்திபோல மெல்லிய நீண்ட கால்களோடு சுவரில் ஓடுவது ஒரு வகை. நூல்போல மெலிந்து, மண்ணுக்குள் நெளிந்து செல்லும் கண்ணற்ற மண்ணடிப் பூரான்கள் இன்னொரு வகை. அவற்றுக்கு 27 முதல் 191 ஜோடிக் கால்கள்வரை உண்டு. பெரிய செய்யான்களைக் கொண்ட ஸ்கோலோபென்ட்ரா கூட்டத்துக்குப் பெரும்பாலும் 21 அல்லது 23 ஜோடி. நாம் தேடும் கல்லடிப் பூரான் கூட்டத்துக்கு, வளர்ந்த நிலையில், 15 ஜோடி.

ஒன்றைக் கவனித்தீர்களா? 15, 21, 23, 27, 191. எல்லாமே ஒற்றைப்படை. வளர்ந்த பூரான்களின் கால் ஜோடிகள் ஒற்றைப்படையாகவே அமைகின்றன. சரியாக நூறு கால் வேண்டுமானால் ஐம்பது ஜோடி வேண்டும், ஐம்பது இரட்டைப்படை. ஆகவே பல மொழிகளில் 'நூறுகாலி' என்று பெயர் வாங்கியிருக்கும் இந்த உயிருக்கு நூறு கால் மட்டும் வாய்ப்பதில்லை. நம் மொழி எண்ணிக்கையில் மாட்டிக்கொள்ளாமல் 'பூரான்' என்று சொல்லித் தப்பித்தது.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. 21 ஜோடிக் கால்களோடு, விரல் நீளத்துக்கு மேல், தடித்த உடலுடன் ஒன்று கண்ணில் பட்டால் அது இந்த வழிகாட்டிக்கு உரியது அல்ல. பெரிய ஸ்கோலோபென்ட்ராக்களின் கடி கடுமையாக வலிக்கும், அவற்றைத் தொடாதீர்கள். கல்லடிப் பூரான் 20 முதல் 30 மில்லிமீட்டர் நீளமும் சுமார் 4 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் நச்சுக்கொடுக்கு மனிதத் தோலைத் துளைக்கவே சிரமப்படும். துளைத்தாலும் பொதுவாகச் சிறு கடுகடுப்போடு போய்விடும். இருந்தாலும் வெறுங்கையால் பிடிக்கவேண்டிய தேவை எங்கும் வராது.

இரண்டாம் படி: தேடுவது

ஈரத்தைத் தேடுங்கள், பூரான் கிடைக்கும். கையால் தொட்டால் சில்லென்று இருக்கவேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. விழுந்த மரத்தின் தளர்ந்த பட்டைக்கடி, மண்ணில் பாதி புதைந்த கல், ஆண்டுக்கணக்கில் படிந்த இலைக்குப்பையின் நடு அடுக்கு ஆகியவை நல்ல இடங்கள். இலைக்குப்பையின் மேல் அடுக்கு வெயிலில் காய்ந்திருக்கும், அடியோ இறுகியிருக்கும். இவ்வளவு தட்டையான உடலுக்கு ஏற்ற இடுக்குகள் நடுவில்தான் உண்டு. மண்ணைத் தோண்டுவது இதன் பழக்கம் அல்ல; ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகளில் நுழைந்துகொள்ளும். அதனால் மண்வெட்டி தேவைப்படாது.

ஆண்டு முழுவதும் தேடலாம். கடுங்குளிரிலும் நெடிய வறட்சியிலும் மண்ணின் ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பதால் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். மழை ஓய்ந்த மறுநாள் என் விருப்பம். பகலில் கல்லைப் புரட்டுவதோடு நிறுத்தாமல், இருட்டிய பிறகு மங்கிய விளக்கோடு ஒரு முறை போய்ப் பாருங்கள். பகலில் ஒளிந்து கிடந்தது, காற்றின் ஈரப்பதம் ஏறிய இரவில் மரத்தண்டின்மேல் தாராளமாக நடந்துகொண்டிருக்கும்.

கட்டையை உங்களை நோக்கிப் புரட்டுங்கள். அப்போது கட்டை உங்களுக்கும் அடியில் இருப்பதற்கும் நடுவே நிற்கும். வேறு பெரிய உயிர் ஏதேனும் இருந்தால் அது எதிர்ப்பக்கமாக ஓடும். பார்த்து முடித்ததும் கட்டையைப் பழையபடியே, அதே பள்ளத்தில் பொருந்துமாறு திருப்பி வையுங்கள். இதை ஒரு நாகரிகம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. திறந்து கிடக்கும் கட்டையடி சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். மறுமுறை நீங்கள் வரும்போது அங்கே ஒன்றும் இருக்காது.

குழிப்பொறி வைப்பவர்களும் உண்டு: வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி ஒரு குவளையைப் புதைத்து, இரவில் விழுவதைக் காலையில் பார்ப்பது. எத்தனை நடமாடுகின்றன என்று அறிய நல்ல வழி. ஆனால் ஒரே குவளையில் ஐந்து வேட்டையாடிகள் விழுந்தால் காலையில் ஒன்றுதான் மிஞ்சும். அதுவும் நன்றாகச் சாப்பிட்டிருக்கும். ஆகவே குவளைக்குள் ஈர இலைகளை அடர்த்தியாகப் போட்டு, விடிந்தவுடன் போய்ப் பாருங்கள்.

மூன்றாம் படி: காலை இழக்க வைக்காமல் பிடிப்பது

இடுக்கியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கல்லடிப் பூரானின் காலைப் பிடித்தால் அது காலைக் கழற்றி உங்களிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடும். காலின் அடிப்பகுதியில் இதற்கென்றே பிரியும் இடம் ஒன்று உண்டு. இழந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மீண்டும் முளைக்கும். முதலில் குட்டையாக, பிறகு ஓரளவு பழைய அளவில். காட்டில் பிடிபடும் பூரான்களில் ஒரு காலாவது மற்றவற்றைவிடச் சிறிதாக இருப்பதைப் பார்த்தால், அது எப்போதோ யாரிடமிருந்தோ தப்பி வந்தது என்று பொருள்.

வேண்டியது ஒரு மென்மையான தூரிகை, ஒரு சிறு குப்பி. குப்பியின் வாயைப் பூரானுக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னாலிருந்து தூரிகையால் இலேசாகத் தட்டுங்கள். குப்பிக்குள் ஒரு சுருட்டிய ஈர இலை இருந்தால் அது தானாகவே உள்ளே போகும், ஏனென்றால் நாலாபுறமும் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடுக்குதான் அதற்குப் பாதுகாப்பு. துரத்துவதைவிட இடுக்கு காட்டுவது எப்போதும் பலிக்கும். ஒரு குப்பிக்கு ஒன்று என்ற கணக்கை மீறாதீர்கள். இவை ஒன்றையொன்று தின்னும்.

நான்காம் படி: லென்ஸின் கீழே

ஓடிக்கொண்டிருக்கும் பூரானில் எதையும் எண்ண முடியாது. ஒளி புகும் மூடியுள்ள சிறு பெட்டியில் விட்டு, கீழிருந்து ஈரப்பஞ்சால் மெல்ல மூடியோடு அணைத்துக்கொள்ளுங்கள். நசுக்கக் கூடாது, அசையாமல் நிற்கும் அளவுக்கு மட்டும். அல்லது குளிர்ப்பெட்டியின் சாதாரண அறையில் சில நிமிடங்கள் வைத்தால் மந்தமாகிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும்.

முதுகிலிருந்து தொடங்குவோம். தலைக்குப் பின்னால் முதுகுத்தகடுகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று மாறி மாறி வரும். முதல் தகடு நீளம், இரண்டாவது குட்டை, மூன்றாவது நீளம். இப்படியே போய், ஏழாவதும் எட்டாவதும் அடுத்தடுத்து நீளமாக இருக்கும். அங்கே தாளம் மாறி, ஒன்பதாவது குட்டை, பத்தாவது நீளம் என்று தொடரும். எண்ணிக்கை தவறுகிறவர்களுக்கு இந்த இரட்டை நீளம் ஒரு மைல்கல். வயிற்றுப் பக்கத்திலிருந்து மறுபடி எண்ணுவதைவிட, இதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் எண்ணுவது எளிது.

நீளமும் குட்டையும் எதற்கு? பூரான்களின் நடையை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த சிட்னி மான்டன் தந்த விளக்கம் இது: எல்லாத் தகடும் ஒரே அளவாக இருந்தால், விரைந்து ஓடும்போது உடல் பாம்புபோல இருபுறமும் வளைந்து வேகத்தை வீணாக்கும், நீளத் தகடுகள் மூட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கிப் பிடித்து அந்த வளைவைக் கட்டுப்படுத்துகின்றன. கால்களும் பின்னோக்கிப் போகப் போக நீளும். பின்கால், முன்காலின் வெளிப்புறமாக ஊன்றுவதால் முப்பது கால்களும் ஒன்றோடொன்று சிக்காமல் ஓடமுடிகிறது. கடைசி ஜோடி நடப்பதற்கு அல்ல. பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும்.

இப்போது 9, 11, 13ஆம் தகடுகளின் பின்முனைகளைப் பாருங்கள். மூன்றிலும் இரு பக்கமும் முக்கோணமாகக் கூர்த்த நீட்சி இருக்கும். உடல் முழுதும் ஒரே செம்பழுப்பாக, கால்களில் பட்டை இல்லாமல், இந்த நீட்சிகளும் இருந்தால் நம் இனமாக இருக்க மிகுந்த வாய்ப்பு. அதே நீட்சிகளோடு கால்களில் கருநிறப் பட்டைகள் தெரிந்தால் அது லித்தோபியஸ் வேரியகேட்டஸ் என்ற அண்டை இனம். இவை இரண்டும் ஒரே காட்டில் கிடைக்கும் இடங்கள் உண்டு. அவசரத்தில் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பூரானைப் புரட்டிப் பார்த்தால் தலைக்கடியில் இரண்டு வளைந்த கொடுக்குகள். வாய்ப்பற்கள் என்று தோன்றும். உண்மையில் அவை கால்கள்: உடலின் முதல் ஜோடிக் கால்களே காலப்போக்கில் நச்சுக்கொடுக்காக மாறிவிட்டன. நச்சுச் சுரப்பி கொடுக்கின் உள்ளேயே இருக்கிறது; நுனியருகே துளை. உயிர்களில் காலால் நஞ்சு ஏற்றுவது அரிது, பூரான் வகை முழுமைக்கும் இது பொதுவான அடையாளம். இரு கொடுக்குகளுக்கும் நடுவிலுள்ள தட்டின் முன்விளிம்பில் சிறு பற்கள் உண்டு. நம் இனத்தில் பக்கத்துக்குப் பொதுவாக 5 முதல் 7 இருக்கும். அண்டை இனங்கள் பலவற்றில் குறைவு. லென்ஸ் நல்லதாக இருந்தால் இந்த எண்ணிக்கை சந்தேகத்தைத் தீர்க்கும்.

உணர்கொம்பில் ஏறத்தாழ 40 கணுக்கள். தலையின் பக்கத்தில் சிறு கருப்பு மணிகள் திரண்டிருப்பதுபோல் தெரிபவை கண்கள். தோலுரிக்கத் தோலுரிக்க இந்த மணிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். இத்தனை கண் இருந்தும் பார்வை பெரிதாக இல்லை; வெளிச்சமா இருட்டா என்று அறிந்துகொள்வதே அவற்றின் முதன்மையான வேலை.

கடைசியாக இரண்டு இடங்கள். இரண்டும் நம் ஒழுகல் கதைக்கு நேரடியாக வருபவை. பக்கவாட்டில் 3, 5, 8, 10, 12, 14ஆம் கண்டங்களில் பக்கத்துக்கு ஒன்றாக மூச்சுத்துளைகள், மொத்தம் பன்னிரண்டு. இந்த எண்களை முன்பு பார்த்தோம்: எல்லாமே நீளத் தகடுள்ள கண்டங்கள். அடுத்து, கடைசி நான்கு ஜோடிக் கால்களின் அடிக்கணுக்களில், வயிற்றுப் பக்கமாக, வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். அவற்றின் உட்சுவர் உப்பையும் நீரையும் கடத்துவதற்கு ஏற்ற திசுவால் ஆனது. இழந்த நீரை மீட்டெடுக்கும் வழிகளில் இது ஒன்று என்று கருதப்படுகிறது. அதாவது பன்னிரண்டு துளைகளின் வழியே போவதில் கொஞ்சத்தையாவது கால்களின் அடியில் திரும்பப் பிடிக்கிறது.

பெண்ணா ஆணா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். உடலின் பின்முனையில், கடைசிக் கால்களுக்கு நடுவே, இடுக்கிபோல ஒரு ஜோடி உறுப்பு தெளிவாகத் தெரிந்தால் பெண். ஒவ்வொன்றிலும் பொதுவாக இரண்டு குட்டை முட்களும் நுனியில் ஒரு நகமும் இருக்கும். ஆணில் அந்த உறுப்பு மிகச் சிறியது.

ஐந்தாம் படி: தற்காலிக வீடு

உள்ளங்கை அகலமுள்ள, மூடியுள்ள பெட்டி ஒன்று. அடியில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிக் காயவிட்டு, பிறகு நீர் தெளித்து ஊறவையுங்கள். அது நீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளிவிடும். மேலே ஒரு மரப்பட்டைத் துண்டு, கொஞ்சம் இலைக்குப்பை. பட்டையின் அடி தரையோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கவேண்டும். மூடியில் ஊசியளவு துளை சில போதும். வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

பெரும்பாலான பூரான்கள் இரண்டு காரணங்களால் சாகின்றன. ஒன்று, வார இறுதியில் நீர் தெளிக்க மறப்பது. மற்றொன்று அதற்கு நேர்மாறு: மிதமிஞ்சி நீர் ஊற்றி, சுவர்களில் துளி திரண்டு, மீந்த இரையில் பூஞ்சை படர்வது. தரை நிறம் மாறி வெளுக்கத் தொடங்கும்போது தெளியுங்கள், அதற்கு முன்பு வேண்டாம்.

நீரை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூச்சிகளும் பல நிலவாழ் உயிர்களும் தம் உடலின் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக, கிட்டத்தட்ட நீரே செலவில்லாமல் வெளியேற்றும். கல்லடிப் பூரான் அதன் பெரும்பகுதியை அமோனியாவாக வெளியேற்றுகிறது. அமோனியாவை அப்புறப்படுத்த நீர் வேண்டும். மூச்சிலும் நீர் போகிறது, கழிவிலும் போகிறது. சிக்கனம் தெரியாத குடும்பம்.

ஆறாம் படி: ஈரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது

இது எனக்குப் பிடித்த பகுதி. எளியது, ஆனால் ஏமாற்றக்கூடியது. வட்டமான, தட்டையான பாத்திரத்தில் பாதியில் ஈரக் காகிதம், மறு பாதியில் உலர்ந்த காகிதம் பரப்புங்கள். பூரானை நடுவில் விட்டு மூடி, இருட்டில் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் விளிம்பைத் தொட்டபடி சுற்றிச் சுற்றி ஓடும். அந்தக் குறிப்புகளை நம்பாதீர்கள், அது இன்னும் தப்பிக்கப் பார்க்கிறது. ஓட்டம் தணிந்த பிறகு எங்கே ஓய்கிறது என்பதே கணக்கு. உலர்ந்த பக்கத்தில் வேகமும் திருப்பமும் எப்படி இருக்கின்றன, ஈரப்பக்கத்தில் எப்படி மாறுகின்றன என்பதையும் எழுதுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நீட்டவேண்டாம்.

ஏமாற்றும் இடம் எது? ஈரப்பக்கக் காகிதம் நனைந்து சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால், பூரான் ஈரத்துக்காக அங்கே போனதா, உடலை ஒட்டிக்கொள்ள மடிப்பு கிடைத்தது என்று போனதா என்று தெரியாது. இரண்டு காகிதமும் சமமாகப் படிந்திருக்கவேண்டும். பாத்திரத்தைப் பாதியில் திருப்பி வைத்து மறுபடி செய்யுங்கள், இல்லாவிட்டால் ஜன்னல் இருக்கும் திசை முடிவைத் தீர்மானித்துவிடும்.

தொடுதலைத் தனியாகச் சோதிக்கவும் வழி உண்டு. சீராக ஈரமான தரையில், நாணயத்தின் கனமுள்ள சிறு தாங்கிகளின் மேல் ஒரு கண்ணாடிச் சில்லை வையுங்கள். மேலே வெளிச்சம் அப்படியே விழும், இருட்டு கிடையாது. ஆனால் முதுகுக்கு ஒரு கூரை உண்டு. ஒளியை வெறுக்கும் இந்த விலங்கு அந்த ஒளி நிறைந்த இடுக்கில் நிற்கிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். ஒளி, ஈரம், தொடுதல் ஆகிய மூன்றில் அது எதற்கு முன்னுரிமை தருகிறது என்பதை உங்கள் கையிலுள்ள பூரானே சொல்லட்டும்.

ஏழாம் படி: வேட்டையைப் பார்ப்பது

இரண்டு மூன்று நாள் உணவில்லாமல் விட்டு, இருட்டிய பிறகு மங்கலான சிவப்பு விளக்கில், பழ ஈயையோ சிறு மண்புழுவையோ உள்ளே விடுங்கள். கண்ணால் குறிவைத்துப் பாயும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இரை பக்கத்தில் நடந்தாலும் கண்டுகொள்ளாது. உணர்கொம்பு தொடவேண்டும். தொட்ட கணத்தில் எல்லாம் முடிந்துவிடும்: தலை முன்னால் எகிறும், கொடுக்குகள் மூடும், முன்கால்கள் இரையை அணைத்துக்கொள்ளும். இரை ஓய்ந்த பிறகே தாடைகள் வேலையைத் தொடங்கும்.

அதன் உணவுப் பட்டியல் நீளமானது. ஸ்பிரிங்டெயில் எனப்படும் துள்ளும் சின்னஞ்சிறு உயிர்கள், ஈக்கள், அவற்றின் புழுக்கள், சிலந்திகள், சிறு மண்புழுக்கள், இளம் நத்தைகள், தன்னைவிடச் சிறிய பூரான்கள். லித்தோபியஸ் பூரான்களின் குடலைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே இலைத்துணுக்குகளையும் கண்டிருக்கிறார்கள். இரையோடு சேர்ந்து போனதா, வேண்டுமென்றே தின்றதா என்பது யோசிக்கவேண்டியது. ஈரமான இலையில் உணவு குறைவானாலும் நீர் உண்டு.

நஞ்சைப் பற்றி ஒரு சொல். பூரான்களின் நஞ்சில் உள்ள புரதக் கூறுகள் சிலவற்றின் மரபணுக்கள் பாக்டீரியாவிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் கைமாறி வந்தவை என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பரம்பரைச் சொத்து போதாமல் அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிய ஆயுதம்.

வேட்டையாடியை வேட்டையாடுகிறவையும் உண்டு: தரைவண்டுகள், மூஞ்சூறுகள், தேரைகள், பறவைகள். எறும்போ சிலந்தியோ பின்னாலிருந்து தாக்கினால் கல்லடிப் பூரான் கடைசிக் கால்களை உயர்த்தி, அவற்றிலுள்ள சுரப்பிகளிலிருந்து பசைத்துளிகளைத் தெறிக்கும். அவை நூல்போல இழுபட்டு எதிரியின் கால்களையும் வாயையும் ஒட்டிவிடும். நடக்க உதவாமல் இழுபட்டு வந்த அந்த ஜோடிக்கு இதுதான் உத்தியோகம். இதைப் பார்ப்பதற்காகப் பெட்டிக்குள் எறும்புகளை விடாதீர்கள். இடம் இல்லாத பெட்டியில் எறும்பே வெல்லும்.

எட்டாம் படி: முட்டை

இணைசேர்தலைப் பெட்டியில் காண்பது அரிது. ஆணும் பெண்ணும் உடலால் கூடுவதில்லை. ஆண் தரையில் சிறு வலை பின்னி அதன்மேல் விந்துப்பொதியை வைக்கும். பெண் அதன்மேல் நகர்ந்து எடுத்துக்கொள்ளும். இருவரும் ஒருவரையொருவர் தின்னக்கூடியவர்கள் என்பதை நினைத்தால் இந்தத் தூரம் நியாயமாகவே படுகிறது.

ஆனால் முட்டையிடுவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம்வரை பிடிபடும் பெண்கள் பல ஏற்கெனவே கருவுற்றவை. தனியாக வைத்து, தரையில் மெல்லிய மண்ணைத் தூவி விடுங்கள். முட்டைகள் கூட்டமாக வராது, ஒவ்வொன்றாகத்தான். வெளிவந்த முட்டை பிசுபிசுவென்று இருக்கும். பெண் அதைக் கீழே விடாமல், நான்காம் படியில் பார்த்தோமே, அந்த இடுக்கியில் பிடித்துக்கொண்டே மண்ணில் உருட்டும். மண்துகள் முழுதும் ஒட்டி, முட்டை ஒரு மண்கட்டியாகிவிடும். பிறகு போட்டுவிட்டுப் போய்விடும். இந்த மண் உறை உலர்வதிலிருந்தும் பசித்த கண்களிலிருந்தும் முட்டையைக் காப்பதாகக் கருதப்படுகிறது. செய்யான் வகைத் தாய்களும் மண்ணடிப் பூரான் தாய்களும் முட்டைக் குவியலைச் சுற்றி வளைந்து, பொரியும்வரை காவல் காத்து, நக்கித் துடைத்து வளர்க்கும். கல்லடிப் பூரானிடம் அந்தத் தாய்மை இல்லை. ஒரு மண் போர்வை, அவ்வளவே.

கட்டியைக் கண்டுபிடித்துவிட்டால் தூரிகையால் எடுத்துத் தனி ஈரக் குப்பியில் வையுங்கள். தாயோடு விடுவது ஆபத்து.

ஒன்பதாம் படி: கால்களை எண்ணுவது

பொரிந்து வரும் குஞ்சு வெளிறியிருக்கும். அதற்கு 15 ஜோடிக் கால்கள் இருக்காது. நடக்கும் கால்கள் 7 ஜோடிதான், பின்னால் மொட்டுகள். மண்ணடிப் பூரானும் செய்யானும் பிறக்கும்போதே எல்லாக் கால்களோடும் பிறக்கும். கல்லடிப் பூரான் தோலுரிக்கும்தோறும் சேர்த்துக்கொண்டே போகும்: முதலிரு நிலைகளில் 7, அடுத்து 8, பிறகு 10, 12, கடைசியில் ஒரே தாவலில் 15. வளர்ந்தவற்றில் ஒற்றைப்படை என்று முதல் படியில் சொன்னேன். அந்த 'வளர்ந்தவை' என்ற சொல்லை அங்கே வேண்டுமென்றேதான் போட்டேன். இளம் பருவத்தில் 8, 10, 12 என்ற இரட்டைப்படைகளைத் தாண்டித்தான் அது வருகிறது.

ஆகவே காட்டில் 12 ஜோடிக் கால்களோடு ஒரு சின்னஞ்சிறு பூரான் கிடைத்தால் புதிய இனம் என்று குதிக்காதீர்கள். அது சிறுவன். பதினைந்தை எட்டிய பிறகும் வயதுக்கு வந்துவிட்டது என்று பொருள் அல்ல. கால் கூடாமல், உடலும் இனப்பெருக்க உறுப்பும் மட்டும் வளரும் பல தோலுரிப்புகள் இன்னும் மீதி. முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள். மொத்த ஆயுள் ஐந்து ஆறு ஆண்டுகள்வரை. கட்டையடியில் மின்னி மறைந்தது உங்கள் வீட்டு நாய்க்குட்டியைவிட மூத்ததாக இருக்கலாம்.

தோலுரிக்கும் நாட்களில் உணவை ஏற்காது, அசைவும் குறையும். அப்போது பட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். புதுத்தோல் வெளிறி மென்மையாக இருக்கும். அந்த நேரத்தில் பெட்டியில் உயிருள்ள இரை ஏதேனும் மீந்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

பத்தாம் படி: எழுதுவதும் திருப்பி விடுவதும்

நாள், நேரம், கட்டையடியா கல்லடியா, தொட்டால் எவ்வளவு ஈரம், கால் ஜோடிகளின் எண்ணிக்கை, பெண்ணா ஆணா, இழந்த கால்கள். இவ்வளவு போதும். ஒவ்வொரு முறையும் அதே கட்டைகளைப் பார்த்து எழுதினால் ஓராண்டில் அந்தக் காட்டுத் துண்டில் 7 கால் ஜோடிக் குஞ்சுகள் எந்த மாதத்தில் தோன்றுகின்றன, வறட்சியில் எத்தனை வாரம் காணாமல் போகின்றன என்று உங்களுக்கே புலப்படும்.

சில வாரங்களுக்கு மேல் வைத்திருக்கவேண்டாம். எடுத்த கட்டைக்கே கொண்டுபோங்கள், மாலையில், தரை நனைந்திருக்கும்போது. கட்டையைத் தூக்கி அடியில் விட்டால், பிறகு கட்டையை இறக்கும்போது நசுங்கிவிடக்கூடும். எனவே முதலில் கட்டையை அதன் பள்ளத்தில் சரியாகப் பொருத்தி வையுங்கள். குப்பியின் வாயைக் கட்டைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இடுக்கை ஒட்டிப் படுக்க வைத்துவிட்டு, தூரிகையால் கடைசிக் கால்களை ஒருமுறை தொடுங்கள்.